தூது நடந்த பெருமானும் நம் இளைஞரும்

பிணக்கு இல்லாத ஊர் இல்லை. வீட்டிலும் வீதியிலும், ஏன், ஆலயத் திருவிழா உபயத்திலுங்கூடப் பிணக்கு எழுவதுண்டு. அதனைத் தீர்த்துவைப்பது மூத்தோர் கடமை என்பதே நமது வழக்கம். இளைஞரை அப்பணியில் முன்னிறுத்தலாமா என்பது இன்று நாம் சிந்திக்க வேண்டிய வினாவாகும்.

சமாதானத் தூது தாழ்ந்த தொழிலன்று என்பதைக் காட்டியவர் சிவபெருமானே. சுந்தரமூர்த்தி நாயனார் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்ததனால் பரவையார் மனம் நொந்தார். எம்பெருமான் திருவாரூர் வீதியில் இரவில் நடந்து அவரிடம் தூது சென்றதைப் பெரியபுராணம் கூறுகின்றது. முதன்முறை பரவையார் இணங்கவில்லை. பெருமான் சினக்கவில்லை, மீண்டும் சென்றார். அதன் பின்னரே இணக்கம் பிறந்தது. இறைவனைத் தூது அனுப்புவதா என்று கொதித்த ஏயர்கோன் கலிக்காமரும் பின்னர் சுந்தரருக்கு நண்பரானார். தூது செல்பவனுக்குத் தகுதி தருவது வயதன்று. மறுப்பைத் தாங்கும் பொறுமையே.

நமது கொச்சிக்கடையை எண்ணிப் பாருங்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய பொன்னம்பலவாணேசுவரர் ஆலயமும், புனித அந்தோனியார் தேவாலயமும் இங்கு அயலில் உள்ளன. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று அத்தேவாலயத்தில் குண்டு வெடித்தது. வழிபட வந்தவர்கள் மடிந்தனர். அடுத்த மாதமே மினுவாங்கொடை முதலிய இடங்களில், குற்றமற்ற முஸ்லிம் மக்களின் கடைகள் தாக்கப்பட்டன. சிலர் செய்த கொடுமைக்கு ஓர் இனம் முழுவதையும் தண்டிப்பது அநீதி. 1983 ஜூலையை அனுபவித்த நமக்கு இதனை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இன்று வதந்தி கைத்தொலைபேசி வழியே பரவுகிறது. அது பெரியோர் காதுக்கு எட்டுமுன் இளைஞர் கைக்கு வந்துவிடுகிறது. ஆகவே அதனைத் தடுக்கக்கூடியவரும் அவர்களே. ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையும் 2015 டிசம்பரில் நிறைவேற்றிய 2250ஆம் இலக்கத் தீர்மானத்தில், சமாதான முயற்சிகளில் இளைஞருக்கு இடமளிக்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

"அனுபவம் இல்லாதவர்கள் அல்லவா?" என்று சிலர் வினவலாம். அனுபவம் பொறுப்பைக் கொடுத்தால்தான் வரும். நாற்காலி அடுக்கவும் தண்ணீர்ப் பந்தலில் நிற்கவும் இளைஞரை அழைக்கின்றோம்; ஆலோசனைக்கு அழைப்பதில்லை. அறநெறிப் பாடசாலையில் இரு தரப்பையும் கேட்கும் பழக்கத்தைப் பயிற்றலாம். சிறு பிணக்கொன்றை ஒரு பெரியவரும் இரண்டு இளைஞரும் சேர்ந்து விசாரிக்கலாம். 1988ஆம் ஆண்டின் சட்டப்படி இயங்கும் மத்தியஸ்த சபைகளும் தீர்ப்பைத் திணிப்பதில்லை. இரு தரப்பும் உடன்பட்டாலே இணக்கம் ஏற்படும். இம்முறையை அவர்கள் அறிந்துகொள்ளட்டும்.

ஒன்றை மறத்தலாகாது. சமாதானம் என்பது பாதிக்கப்பட்டவரின் வாயை அடைப்பதன்று. பெருமான் பரவையாரை அடங்கியிரு என்று அதட்டவில்லை. அவர் வாயிலுக்கே இரண்டு முறை நடந்தார். வன்முறையும் குற்றமும் நீதிமன்றத்துக்கு உரியவை. அவற்றைச் சமரசம் என்ற பெயரில் மூடிமறைத்தல் அறமாகாது.

அன்பார்ந்த அடியார்களே, நம் பிள்ளைகளை நம்புவோம். அவர்கள் முதன்முறை தோற்றாலும் இரண்டாம் முறை அனுப்புவோம். தூது நடந்த திருவடிகள் அவர்களுக்கு வழிகாட்டுவனவாக.