பெயர் மாறினால் பொருள் மாறுமா?

வியாபாரச் சகோதரர்களே! சரக்கு, பொட்டலம் ஆகிய இரண்டும் நம் கடைச் சொற்கள். சரக்கென்றால் அரிசி, பருப்பு. பொட்டலமென்றால் மிளகு, சீரகம். இன்றோ சுங்கைப் பட்டாணி, கூலிம் பக்கத்துத் தோட்டங்களில் சில வாலிபர் வாயில் இவற்றுக்குக் கஞ்சா என்று பொருள். மலாய்ச் சொல்லான 'பாராங்'குக்கும் இதே கதி. சிகரெட்டோ 'தம்' ஆகிவிட்டது. உருதுவில் தம் என்றால் மூச்சு. மூச்சைக் குறைக்கும் பொருளுக்கு மூச்சென்றே பெயர்!

ஏன் இந்த மறுபெயர்? உண்மைப் பெயரைச் சொல்ல மனம் கூசுகிறது. அந்தக் கூச்சத்தைப் போக்கவே புதுப்பெயர். ஆனால் சட்டம் பெயரைப் பார்ப்பதில்லை, எடையைப் பார்க்கிறது. 1952ஆம் வருடத்து அபாயகர மருந்துச் சட்டப்படி, 200 கிராமோ அதற்கு மேலோ கஞ்சா வைத்திருந்தால் கடத்தல்காரர் என்றே அனுமானம். தண்டனை தூக்குவரை போகலாம்.

வாலிபரை மட்டும் குறைகூறுதல் நியாயமா? "அப்பாவுக்கு ஒண்ணு, நானா" என்று தோட்டத்துப் பையன் கேட்டபோது, அப்பா புகைப்பவரல்லர் என்று தெரிந்தும் நாம் எடுத்துக் கொடுத்ததுண்டு. அவன் அதைத் 'தம்' என்றான். நாம் 'வியாபாரம்' என்றோம். இருவரும் செய்தது ஒன்றே. 1-10-2024 முதல் நடப்பிலுள்ள சட்டமும் 18 வயது நிரம்பாதவருக்கு விற்பதைத் தடுக்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் அது தவறென்று நம் மனம் அறியாதா?

தராசு நேராக இருந்தால் மட்டும் போதாது. அடுத்த பையன் வரும்போது, "உனக்கு இல்லை, தம்பி" என்று நேராகச் சொல்வோமாக.