ஓசூருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?



கடலோர ஏழைகளுக்கென்று உண்டியல் வைத்தபோது, “ஓசூருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம், சாமி?” என்றார் ஒருவர்.

2024 நவம்பர் 30-ந் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையேறிற்று. மறுநாளும் அங்கேயே தங்கிப் பின் மெல்ல மேற்கே நகர்ந்தது. நம் மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. ஏரி வெள்ளம் பஸ் நிலையத்தருகே நின்ற வண்டிகளை வாரிக்கொண்டு போயிற்று. கடலைக் காணாதவர்களுக்கே இக்கதியென்றால், கடற்கரை மணலில் குடியிருந்து, படகும் வலையுமே சொத்தாயிருப்பவன் கதி என்ன? எச்சரிக்கை வந்தால் அவன் கடலுக்குப் போகலாகாது; போகாத நாளில் கூலியுமில்லை. (நம் ஆலைகளின் ஒப்பந்தத் தொழிலாளருக்கு இது நன்றாய் விளங்கும்.)

அடிபட்டுக் கிடந்தவனை விலகிப்போன குருவும் அவனை அந்நியனென்றே எண்ணியிருப்பான். நானும் குருதானே, அந்த உவமை என்னைச் சுடுகிறது.

வருகிற ஞாயிறு பூசைக்குப்பின் உண்டியல் மறுபடி வாசலில் இருக்கும். போர்வை கொடுப்பவர்கள் துவைத்துக் கொண்டுவரவும்.