அரைப்படியும் தர்க்கமும்

தர்க்கம் எல்லாருக்கும் பொது என்கிறார்கள். யார் சொன்னாலும் இரண்டும் இரண்டும் நாலுதானே என்கிறார்கள். கணக்கில் சரி. தஞ்சாவூர்க் களத்துமேட்டில் சரியா?

எங்கள் பக்கத்தில் ஆண்டை பேசினால் அது நியாயம். அதையே பண்ணையாள் பேசினால் 'எதுத்துப் பேசறான்'. "வெளைச்சல் கூடியிருக்கு, கூலியக் கூட்டிக் குடுங்க" என்பதில் என்ன தர்க்கப் பிழை? கேட்கிற மனசு பேச்சை எடை போடுவதற்கு முன்னாடியே பேசுகிற ஆளை எடை போட்டுவிடுகிறது.

இதற்குச் சாட்சி கீழவெண்மணி. கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 1970இல் நாகப்பட்டினம் கோர்ட் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட சிலருக்குத் தண்டனை தந்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது.

அந்தத் தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று இது. குற்றம் சாட்டப்பட்ட 23 பேருமே மிராசுதார்களாக இருப்பது வியப்பாக இருக்கிறதாம். பெரும்பாலோர் நிறைய நிலமுள்ள பணக்காரர்கள், நாயுடுவிடம் காரே இருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் வேலைக்காரர் துணையில்லாமல் தாங்களே நடந்துவந்து தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கஷ்டமாம்.

இதைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். பிரித்துப் பார்க்க வேண்டும். நம் காவிரிப்பூம்பட்டினத்தில் பிறந்தவள் மணிமேகலை. அந்தக் காப்பியத்தின் 29ஆம் காதையில் அறவண அடிகள் அவளுக்குப் பௌத்த தர்க்கம் சொல்லித் தருகிறார். மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். புகையும் நெருப்பும் சேர்ந்திருப்பதை அடுப்பங்கரையில் எல்லாரும் கண்ணால் கண்டிருக்கிறோம். காரணம் போல வேஷம் போட்டு வருவதற்கு ஏதுப்போலி என்று அங்கேயே பெயரும் இருக்கிறது.

தீர்ப்பின் வாதத்தை இதில் வைத்துப் பாருங்கள். அவர்கள் செய்திருக்க மாட்டார்கள் என்பது பக்கம். பணக்காரர்கள், கார் உள்ளவர்கள் என்பது ஏது. திட்டாந்தம் எங்கே? கார் உள்ளவன் வன்மத்தோடு நடந்து போகமாட்டான் என்பதை எந்த அடுக்களையில் கண்டார்கள்? எங்க பாட்டன் பூட்டன் கண்டது வேறு. வரப்பில் நடந்துவந்து நின்று வேலை வாங்கிய ஆண்டைகளையும், சவுக்கடியையும் சாணிப்பாலையும்தான் அவர்கள் கண்டார்கள். திட்டாந்தம் இருக்க வேண்டிய இடத்தில் சொத்தின் மீதுள்ள மரியாதை உட்கார்ந்திருக்கிறது.

அந்தக் கோர்ட் பொய் சொன்னது என்று நான் சொல்லவில்லை. அதற்கு அது நிஜமாகவே நம்பக் கஷ்டமாக இருந்திருக்கலாம். பயங்கரம் அங்கேதான் இருக்கிறது. எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதையே நிலமும் சாதியும் முன்கூட்டி முடிவு செய்துவிடுகின்றன. காரணம் அப்புறமாக வந்து சேர்கிறது.

அப்படியென்றால் தர்க்கமே ஆதிக்கத்தின் ஆயுதம், தூக்கிப் போடு என்கிறார்கள் நம் தோழர்கள் சிலர். எனக்கு உடன்பாடில்லை. தூக்கிப் போட்டுவிட்டால் அந்தக் காரணம் தப்பு என்று எதை வைத்துச் சொல்வோம்? கோபத்தை வைத்தா? கோபம் மிராசுதார்களுக்கும் இருந்தது.

அரைப்படி கேட்டதே ஒரு வாதம்தான். உழைப்பு இவ்வளவு, விளைச்சல் இவ்வளவு, எங்க பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். பதிலுக்குத் தீதான் வந்தது. தீ வாதத்துக்குப் பதில் ஆகாது. கேள்வி இன்னும் நம் கையில்தான் இருக்கிறது. அதை ஏன் கீழே போட வேண்டும்?