எண்ணமும் அறியாமையும்

கொல்லும் எண்ணமின்றி ஒருவன் செய்யும் செயலால் உயிர்கள் மாயுமானால், அவன் சீலத்தினின்று வழுவியவன் ஆவானா? உல்லாஸ்நகரில் நடந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஓர் இளைஞர் இவ்வினாவை எழுப்பினார். அவர்தம் தந்தையார் கோவில்பட்டிப் பக்கம் பருத்தி பயிரிடுபவர். "ஐயா, அவர் மருந்து தெளிப்பது பயிரைத் தின்னும் பூச்சிக்காக, தேனீயைக் கொல்வதற்கு அன்று" என்றார்.

வினைக்கு வேர் எண்ணமே என்பது பகவான் புத்தரின் போதனை. ஆதலின் அறியாது செய்தவன் கொலைஞன் அல்லன். ஆயினும், அறியாமை எதுவரை நம்மைக் காக்கும்?

2012-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டு ஸ்டர்லிங் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட சோதனை ஒன்று இதற்கு விளக்கம் தரும். பம்பிள் தேனீ என்பது மயிரடர்ந்த பெரிய தேனீ. அதன் இனத்தவை நம் நாட்டில் இமயமலைப் பகுதியில் உண்டு. அவற்றின் கூடுகள் 75-ஐ எடுத்து மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குத் தூய உணவு. ஏனைய இரண்டுக்கும் இமிடாகுளோபிரிட் என்னும் மருந்து கலந்த மகரந்தமும் சர்க்கரை நீரும் 14 நாட்கள் அளித்தனர். மகரந்தத்தில் கலந்தது நூறு கோடியில் 6 பங்கு. மற்றொன்றில் அதன் இருமடங்கு. பின்னர் 6 வாரம் திறந்த வெளியில் விட்டனர்.

மருந்துண்ட கூடுகளும் வளர்ந்தன. எடைதான் 8 முதல் 12 விழுக்காடு குறைவு. மேலோட்டமாகக் கண்டவன் "பெருந்தீங்கு இல்லை" என்றே உரைப்பான். ஆனால் புதிய ராணிகளை எண்ணினர். தூய உணவுண்ட கூட்டில் சராசரி ஏறத்தாழ 14. மருந்துண்டவற்றில் 2 அல்லது அதனினும் குறைவு. பருவம் முடிந்ததும் பழைய ராணியும் வேலைக்காரத் தேனீக்களும் மடியும். புதிய ராணிகளே குளிரைக் கடந்து மறு ஆண்டு கூடமைக்கும். எனவே இன்றைய கூடு நிற்க, நாளைய குலம் அற்றுப்போகிறது!

யான் பஞ்சாலையில் உழைத்தவன். பஞ்சுத் தூசியைக் குறித்து முறையிட்டால், "இதனால் யார் செத்தார்?" என்பார் மேற்பார்வையாளர். அன்று எவரும் சாகவில்லை. ஆண்டுகள் பல சென்றபின் தோழர்கள் மூச்சிழுக்க இயலாது அமர்ந்தனர். உடனே சாகாதது தீங்கின்மைக்குச் சான்றாகுமா?

ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இம்மருந்தையும் இதனைச் சேர்ந்த வேறிரண்டையும் திறந்தவெளிப் பயிர்களுக்குத் தடை செய்தது. நம் நாட்டிலோ பருத்தி விதையிலும் இது பூசப்படுகிறது.

அவ்விளைஞருக்கு யான் கூறிய விடை இது: தம்பி, உம் தந்தையார் நேற்றுவரை குற்றமற்றவர். அறிந்த நாள் முதல் எண்ணமும் மாறிவிடுகிறது. அறிந்தபின் பாராமுகமாய் இருப்பதும் ஓர் எண்ணமே. பூக்கும் காலத்தில் தெளியாதிருக்கலாம். தவிர்க்கவே இயலாதெனில் தேனீ கூடடைந்த மாலையில் தெளிக்கலாம். பூச்சி உண்டா என முதலில் பார்க்கலாம். கடன்பட்ட உழவனைவிட, அறிந்தும் மறைத்து விற்பவனுக்கே பொறுப்பு பெரிது.

அறியாமையைப் போர்வையாகப் போர்த்திக்கொள்ளாது, அறிய முற்படுவதும் கருணையின் ஒரு கூறென உணர்வோமாக.