இரண்டுக்கு நான்கு

தற்சார்பு என்பது எவரையும் அண்டாமல் வாழ்வதென்றால், காவிரிப் படுகையில் அது நடக்காத காரியம். 1934 முதல் மேட்டூர் அணையின் மதகைப் பார்த்தே இங்கே குறுவை நெல் சாகுபடி. அப்படியிருக்க, விதைநெல்லைச் சேமிக்க வைக்கோல் புரி சுற்றிச் சாணம் மெழுகி விதைக்கோட்டை கட்டும் கைவேலையை இன்று மீட்பதில் என்ன அறம்? திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் 2006-இல் தொடங்கிய நெல் திருவிழாவில் ஒரு விடை கிடைக்கிறது. இரண்டு கிலோ பாரம்பரிய விதை வாங்கியவர் மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்ப வேண்டும். அதற்கு விதைக்கத் தெரிந்தால் போதாது. பிற ரகக் கலவன் களைந்து, பதமாகக் காயவைத்து, பூச்சி அண்டாமல் காக்கவும் தெரிய வேண்டும். கைத்திறன் இங்கே தனியொருவரின் வீரமல்ல, பட்ட கடனை அடைக்கும் வழி. அறம் அந்தக் கடனில்தான் இருக்கிறது என்பேன்.

இது வெறும் பழம்பெருமை என்பார்கள். மாப்பிள்ளைச் சம்பா போன்ற பாரம்பரிய நெல் ஐந்து மாதத்துக்கு மேல் வயலில் நிற்கும், விளைச்சலும் குறைவு. பசியை அறிந்தவர்கள் 1960-களில் ஆடுதுறை 27 என்ற புது ரகத்தை வரவேற்றதில் தவறேயில்லை. ஆனால் அந்தப் புது நெல்லையும் கோட்டை கட்டி மறுபோகம் விதைக்கலாம். வீரிய ஒட்டு நெல்லில்தான் மறு தலைமுறையில் குணம் பிரிந்துபோகிறது, கோட்டை கட்டத் தெரிந்தவரும் ஆண்டுதோறும் கடைக்குப் போயாக வேண்டும்.