விட்டுப் போவது துரோகமா?

இங்கே ரமணாசிரமம் பகுதியில் லாட்ஜிலும் கடையிலும் வேலை செய்கிற வாலிபர் என்னிடம் கேட்பதுண்டு: "ஐயா, எவ்வளவு உழைச்சாலும் மதிப்பில்ல. வேற இடத்துல கூப்பிடுறாங்க. போனா நன்றிகெட்டவன்னு சொல்லுவாங்களோ?"

கணிதமேதை ராமானுஜத்தைப் பாருங்கள். 1912-ல் சென்னை அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீசில் மாதம் 20 ரூபாய்க்குத் தற்காலிக வேலை. சில வாரந்தான் இருந்தார். மார்ச் 1-ல் துறைமுகத்தில் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவானார். லாபம் 10 ரூபாய் மட்டுமா? அல்ல! மேலதிகாரி நாராயண ஐயர் அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவருக்காகப் பரிந்து பேசினார். 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. "எங்க ஆளு" என்று துறைமுகம் பிடித்து வைக்கவில்லை. லீவு கொடுத்து அனுப்பியது.

நல்ல எஜமானுக்கு அடையாளம் இதுவே: வளரவும் விடுவான், போகவும் விடுவான். வாங்கின கூலிக்கு உண்மையாய் உழைத்தீர்களா? அந்தக் கடன் தீர்ந்தது. ஆயுசு முழுவதையும் யாருக்கும் அடகு வைக்கவில்லையே! ஆனாலும் யாக்கோபு லாபானிடம் சொல்லாமல் ஓடினதுபோல ஓடாதிருங்கள். அட்வான்சைத் தீர்த்து, சாவியை ஒப்படைத்து, முன்கூட்டியே சொல்லிவிட்டு, தலைநிமிர்ந்து வாசல் வழியாய்ப் போங்கள்.