செலவுக் கணக்கில் ஒரு சுழியம்

2025-ஆம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்த ஒரு ஞாயிறு மாலை. இராஜபாளையத்தில் நம் பங்கு இல்லத்துத் திண்ணையில் நான்கு இளைஞர் வந்து அமர்ந்தனர். இருவர் நூற்பாலைத் தொழிலாளர். ஒருவர் சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்யும் விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்பவர். நான்காமவர் பட்டப்படிப்பை முடித்து வேலை தேடுபவர். அவர்கள் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. அதற்குள் ஓர் அயல்நாட்டுப் பயணமே அடங்கியிருந்தது.

"ஃபாதர், இலங்கைக்குப் போகிறோம். பத்து நாள். எங்கள் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள்" என்றார்கள்.

பார்த்தோம், வியந்தோம். ஆளுக்கு ஒரு முதுகுப் பை. எடை ஏழு கிலோவுக்கு மேல் கூடாது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல். 2023 அக்டோபரில் தொடங்கி, நின்றும் மீண்டும் ஓடியும் வரும் கப்பல் அது. ஆகவே ஓடாவிட்டால் மதுரையிலிருந்து விமானம் என மாற்று ஏற்பாடும் எழுதியிருந்தார்கள். தென்மேற்குப் பருவமழை மலைநாட்டின் மேற்குச் சரிவை நனைக்கும் காலமும், வடகிழக்குப் பருவமழை வடக்கையும் கிழக்கையும் நனைக்கும் காலமும் குறிக்கப்பட்டு, இரண்டுக்கும் நடுவிலுள்ள மாசி மாதம் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. கண்டியிலிருந்து ஹட்டன், நானுஓயா வழியாக எல்ல வரை மூன்றாம் வகுப்பு இரயில். காலைக்குக் கையில் கொண்டுபோகும் சத்துமாவு. பகலுக்குச் சாலையோரக் கடை. கொசுவலை, குடிநீர்ப் புட்டி, பேதி மருந்து என ஒன்றும் விடுபடவில்லை. பொறியியல் வல்லுநரும் பாலம் கட்ட இத்துணைக் கவனமாகக் கணக்கிடமாட்டார்!

பக்கத்தைப் புரட்டியபோது ஒரு வரியில் நம் கண் நின்றது. 'ஹட்டன் பக்கம் தோட்டத்தில் மூன்று இரவு, தங்குதல், உணவு: 0.'

அந்தச் சுழியத்தைப் பற்றியே இக்கட்டுரை.

நால்வரில் ஒருவருடைய பாட்டியின் தங்கை அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வாழ்கிறார். 1964-ஆம் ஆண்டு அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு என்றும், மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் கதியைப் பிறகு முடிவு செய்வோம் என்றது. அந்தப் பங்கீட்டில் அக்காள் இக்கரைக்கு வந்தார். தங்கை அக்கரையில் தங்கினார். இளைஞர் தங்கப் போவது அந்தத் தங்கையின் வீட்டில்தான். "சொந்தக்காரர் வீடு, செலவில்லை" என்றார் பேரன். மற்றொருவர் சேர்த்துச் சொன்னார்: "அதுமட்டுமில்லை ஃபாதர், அங்கே இப்போது எல்லாமே மலிவு."

மலிவுதான். ஆனால் அந்த மலிவு எவ்வாறு வந்தது? 2022 ஏப்ரலில் அந்நாடு தன் அயல்நாட்டுக் கடனைத் திருப்பித் தர இயலாது என அறிவித்தது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அவர்களது ரூபாயின் மதிப்பு விழுந்தது. 2025-இன் தொடக்கத்தில் நம் ஒரு ரூபாய்க்கு மூன்றுக்கும் மேற்பட்ட இலங்கை ரூபாய் கிடைத்தது. தேயிலைத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 2024 செப்டம்பரில் 1,350 இலங்கை ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது; அன்றைய மாற்று விகிதத்தில் அது நம் பணத்தில் நானூறு ரூபாய்க்கும் குறைவு. பயணிக்கு மலிவாகத் தெரிவது, அந்த ஊராருக்கு இழப்பாக நேர்ந்தது. ஆகவே நம்முன் எழும் கேள்வி இதுவே: குறைந்த செலவில் பயணம் செய்கிறவன் செலுத்தாத தொகையைச் செலுத்துகிறவர் யார்?

பிறரைக் கேட்கும் முன் நம்மையே கேட்டுக்கொள்வது முறை. முப்பது ஆண்டுகளுக்கு முன், குருமட மாணவராயிருந்த நாட்களில், நண்பர் ஒருவருடன் மதுரையிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து சென்றோம். ஒன்பது நாள். இருவருக்கும் சேர்த்து இருநூறு ரூபாய்கூடச் செலவாகவில்லை. திரும்பி வந்து, 'ஏழ்மையை வாழ்ந்து பார்த்தோம்' என்று பலரிடமும் பெருமையோடு கூறிக்கொண்டோம். வழியில் ஓர் இரவு, வயற்கூலி வேலை செய்யும் ஒரு குடும்பம் எங்களை வரவேற்றது. சுடு சோறு, முட்டைக் குழம்பு. வயிறார உண்டோம். பல ஆண்டுகள் கழித்து அதே ஊர் வழியாகச் செல்ல நேர்ந்தபோது அவ்வீட்டைத் தேடிப் போனோம். பேச்சுவாக்கில் அண்டை வீட்டுப் பெண்மணி சிரித்துக்கொண்டே கூறினார்: "அன்றைக்கு ராத்திரி உங்களுக்குப் பொங்கிய அரிசி எங்கள் வீட்டில் கைமாற்று வாங்கியது சாமி." அவர் குறையாகக் கூறவில்லை. ஆயினும் அன்றுமுதல் அந்த இருநூறு ரூபாய்க் கணக்கு பொய்க்கணக்காக நம் நெஞ்சில் உறுத்திக்கொண்டேயிருக்கிறது. இரண்டு படி அரிசி அதில் ஏறவேயில்லை. நாம் வாழ்ந்து பார்த்தது ஏழ்மையன்று. ஏழையின் செலவில் ஓர் அனுபவம்.

அப்படியெனில் எளிமையாகப் பயணம் செய்வதே தவறா? அன்று. இயேசு தம் சீடரை ஊர்களுக்கு அனுப்பியபோது பையும் வேண்டாம், இடைக்கச்சையில் காசும் வேண்டாம் என்றார். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. எந்த வீட்டில் ஏற்றுக்கொள்கிறார்களோ அங்கேயே தங்குங்கள், வீடு மாறித் திரியாதீர்கள், வைத்ததை உண்ணுங்கள் என்றும் கற்பித்தார். நோயுற்றோரைக் குணமாக்கும் பணியையும் அவர்களிடம் ஒப்படைத்தார். பையில்லாதவன் வீட்டாருக்குக் கடமைப்பட்டவன்; தேர்ந்தெடுக்கும் உரிமையையும் விட்டுவிட்டவன். பையில் பணத்தை வைத்துக்கொண்டே பணமில்லாதவனைப் போலக் கை நீட்டுவது வேறு. மெய்யாகவே கையை வெறுமையாக்கிக்கொள்வது வேறு.

இலங்கைக்கே அத்தகைய பயணி ஒருவர் சென்றார். கோவாவில் பிறந்த புனித யோசப் வாஸ் 1687-இல் தூத்துக்குடியில் கப்பலேறி, கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் கரையிறங்கினார். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்களுக்கு அங்கே தடை இருந்த காலம் அது. வழியில் நோயுற்றார், இரந்து உண்டார். 1692-இல் கண்டியை அடைந்தபோது ஒற்றன் எனச் சிறை வைக்கப்பட்டார். ஆனால் 1697-இல் கண்டியில் பெரியம்மை பரவி, உற்றாரே நோயாளரைக் கைவிட்டு ஓடியபோது, அவர்களைக் கழுவித் துடைத்துப் பேணியவர் அவரே. 2015 ஜனவரி 14-இல் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். கையில் ஒன்றுமின்றிப் போனவர், தம்மையே அம்மக்களுக்குத் திருப்பிக் கொடுத்தார். அவருடைய கணக்கில் சுழியம் இல்லை.

இன்னொரு கூட்டமும் அதே தீவுக்குக் குறைந்த மூட்டையோடு போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள் தேவைப்பட்டபோது, நம் தென்மாவட்டத்து ஏழைகள் ஒரு துணிமூட்டையும் ஒரு சட்டியுமாகப் புறப்பட்டார்கள். கடலைக் கடந்து மன்னார்ப் பகுதியில் இறங்கி, காட்டு வழியே மாத்தளையை நோக்கி நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மடிந்தோர் பலர். அவர்களுடைய பயணத்துக்கும் ஒரு செலவுக் கணக்கு உண்டு. ஆனால் அதை எழுதியவர் கங்காணி. படகுக் கூலியும் வழிச் சோறும் முன்பணமாகக் கணக்கில் ஏற, முதற்கொழுந்தைக் கிள்ளுமுன்பே அவர்கள் கடனாளிகள் ஆனார்கள். பிறர் தம்மீது எழுதிய ஒவ்வொரு காசையும் உழைத்துத் தீர்த்தவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் வீட்டுக்கு நேராகத்தான், நம் இளைஞரின் நோட்டில் அந்தச் சுழியம் எழுதப்பட்டிருந்தது.

பயணியைத் தூரத்திலிருந்து பார்ப்பதைவிட, வந்திறங்கும் ஊரில் நின்று பார்த்தால் உண்மை விளங்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பணியாற்றிய காலத்தில் நமக்கு அவ்வாய்ப்புக் கிடைத்தது. ஆடிப்பூரத் தேருக்கும், அமாவாசையில் சதுரகிரி மலையேறவும் வெளியூர் மக்கள் வந்து குவிவர். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவை வாங்க, விலைப்பலகை தொங்கும் பெரிய கடைக்குச் செல்வர். எழுதிய விலையை வாய் திறவாமல் கொடுப்பர். வெளியே வந்ததும் கூடைக் கொய்யா விற்கும் மூதாட்டியிடம் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி ஐந்து நிமிடம் வாதாடுவர். சிக்கனம் என்பது செலவைக் குறைப்பதானால், அதைப் பெரிய கடையிலிருந்தல்லவா தொடங்க வேண்டும்? பேரம் எப்போதும் எதிர்த்து நிற்க முடியாதவரிடமே நடப்பது ஏன்? ஒரு பொருளை அதன் மதிப்புக்கு மிஞ்சி விற்பது அநீதியாவது போலவே, மதிப்பைவிடக் குறைத்து வாங்குவதும் அநீதியே என்று புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பிக்கிறார். விற்பவரின் நெருக்கடியை நாம் நமக்கு இலாபமாக்கிக்கொள்வது திறமையாகாது.

இவற்றையெல்லாம் அந்த இளைஞரிடம் எடுத்துரைத்தோம். விசைத்தறித் தொழிலாளி அமைதியாகக் கேட்டுவிட்டு ஒரு வார்த்தை சொன்னார்: "அப்படியென்றால் பணக்காரர் மட்டும்தான் உலகத்தைப் பார்க்கலாமா ஃபாதர்? இந்தப் பணத்தைச் சேர்க்க எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று."

இக்கேள்விக்கு எளிய விடை கூறுகிறவன் அறிவுரை கூறத் தகுதியற்றவன். இரவுப் பணியில் கண்விழித்துச் சேர்த்த காசு அது. அதைக் கட்டிக் காப்பது கருமித்தனமன்று. உலகம் செல்வருக்கு மட்டும் படைக்கப்பட்டதன்று. கடலும் மலையும் பார்க்கும் ஆசை ஆலைத் தொழிலாளிக்கும் உரியதே. மூன்றாம் வகுப்பில் செல்வதும், பாயில் படுப்பதும், மாவைக் கரைத்துக் குடிப்பதும் தன் உடம்பைக் கொண்டு செய்யும் சிக்கனம். அதை மெச்சுகிறோம். நாம் கேட்பது ஒன்றுதான்: குறைத்த சுமை நம் தோளிலிருந்து இறங்கிய பிறகு எங்கே போயிற்று? மண்ணில் இறங்கினால் அது எளிமை. நம்மைவிட மெலிந்தவரின் தோளில் ஏறினால், அதற்கு எளிமை என்ற பெயர் பொருந்தாது.

மறுவாரம் அந்தப் பாட்டியே பங்கு இல்லத்துக்கு வந்தார். நம் உரையாடலைப் பேரன் சொல்லியிருக்க வேண்டும். "காசு குடுத்தா என் தங்கச்சி மனசு நொந்துபோவும் சாமி. அப்படியெல்லாம் குடுக்கச் சொல்லாதீங்க" என்றார் முதலில். பிறகு சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "ஆனா, லயத்துல ஒரு காம்பராதான். பத்துக்குப் பன்னெண்டு அடி இருக்கும். அவ மக, மருமகன், ரெண்டு புள்ளைக எல்லாம் அதுலதான். இவனுக நாலு பேரும் உள்ள படுத்தா அவ அடுப்படிக்குப் போயிருவா. மலைக் குளிரு சாமி. கேட்டா, அடுப்புக்கிட்ட இதமா இருக்குதுன்னுதான் சொல்லுவா. வேற சொல்லமாட்டா."

இதற்குமேல் நம் இறையியலில் சொல்ல ஏதுமிருக்கவில்லை. அடுப்படிக்குப் போகும் அந்த முதியவரின் பெயர்தான் சுழியத்துக்குள் மறைந்திருந்தது. விற்கும் விருந்தோம்பலுக்கு நேரிய விலையைக் கொடுத்துவிடலாம். விலையின்றித் தரப்படும் விருந்தோம்பலுக்கோ பணம் ஈடாகாது. ஆகவே அங்கே கூடுதல் கவனம் வேண்டும். கொடுப்பவர் 'இல்லை' என்று சொல்லமாட்டார் என்பதை அறிந்து, அவருக்காக நாமே 'போதும்' என்று சொல்லிக்கொள்வதுதான் விருந்தினனின் அறம்.

இளைஞர்கள் நோட்டைத் திருத்தி எழுதினார்கள். ஹட்டனில் இரு இரவுக்குச் சிறிய விடுதி. தோட்டத்து வீட்டில் ஒரு பகல் முழுதும் இருந்து, ஒருவேளை மட்டும் உண்பது. போகும்போது அக்காள் தங்கைக்கு அனுப்பும் ஒரு புடவை, பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை. கடைசிப் பக்கத்தில் பேரன் தன் கையெழுத்தில், 'சின்னப் பாட்டி குடும்பத்தை இராஜபாளையத்துக்கு அழைப்பது' என்று எழுதியிருந்தார். அதற்கு எதிரே தொகை குறிக்கப்படவில்லை.

பயணத்தின் மொத்தச் செலவு மாறவில்லை. அவர்களால் இயன்றது அவ்வளவே. பத்து நாள் மட்டும் எட்டு நாளாயிற்று.